பாடத் தெரிந்தவரைப் பாடவைத்துத் தேர்ந்தெடுங்கள்: பள்ளி இசை ஆசிரியர் பணி குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலை தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்குகிறது. 2021 டிசம்பரில் வந்த அரசாணை அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மோகன ராகத்தில், திசுர தாளத்தில், 55 விநாடியில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. ராகம், தாளம், நேரம் மூன்றையும் சொல்லும் அரசாணை அபூர்வம். ஆனால் அந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் ஆள் பல பள்ளிகளில் இல்லை. ஒலிபெருக்கி முன்னால் நிற்கும் இரண்டு பிள்ளைகள் வாய்க்கு வந்த இடத்தில் தொடங்குகிறார்கள். பதற்றத்தில் குரல் வழக்கத்தைவிட ஏறி நிற்கும். பாட்டு மேலே ஏறும் இடம் வந்ததும் பாதிப் பேர் ஒரு ஸ்தாயி கீழே இறங்குவார்கள், சிலர் கத்துவார்கள், குரல் உடைந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள். ஒரு சுருதிப் பெட்டியும், தொடங்குமுன் பத்து விநாடி எல்லோரையும் ஷட்ஜத்தில் (அடிப்படைச் சுரமான ‘ஸ’) நிறுத்தத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருந்தால் இது சரியாகிவிடும்.

அந்த ஆசிரியர் எங்கிருந்து வருகிறார், எப்படித் தேர்வாகிறார், வந்தபின் என்ன ஆகிறார் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

பள்ளிக்கென்றே இசை ஆசிரியரைத் தயார் செய்ய வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை இசைக் கல்லூரி 1929இல் தொடங்கியது. சென்னை மியூசிக் அகாடமி 1931இல் இசை ஆசிரியர்களுக்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. கர்நாடக இசைப் பாடகர் டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வராக இருந்தார். இன்று சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே இசைக் கலைமணி என்ற படிப்பை முடித்து, அதன்மேல் ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சியும் பெற்று வருபவர்கள் உண்டு. அரசுத் தேர்வுத் துறையின் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் நிலைகள் இரண்டும் எழுதி, டிடிசி எனும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி முடித்து வருபவர்கள் உண்டு. பி.ஏ., எம்.ஏ. இசை படித்தவர்கள் உண்டு. தென் மாவட்டங்களில் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்து, மேற்கத்திய சுரக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்களும் உண்டு.

வந்த வழி எதுவோ, அது வகுப்பறையில் தெரியும். கச்சேரி வழியில் பயின்றவர் தான் கற்றபடியே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சிகளோடு தொடங்குவார். குரு எதிரே ஒரு மாணவர் உட்கார்ந்து கற்கும் முறைக்கு அது பொருத்தம், ஏனென்றால் தவறு அந்த நொடியே திருத்தப்படும். சுருதிப் பழக்கமே இல்லாத 45 பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஷட்ஜத்தை ஒட்டிய சுத்த ரிஷபமும் (ரி) பஞ்சமத்தை (ப) ஒட்டிய சுத்த தைவதமும் (த) கூட்டத்தில் வழுக்கிக்கொண்டே போகும். மூன்றாவது வாரம் வகுப்பு பாடுவது வேறு ஏதோ ராகமாக இருக்கும். அதே பிள்ளைகளுக்கு மோகனத்தில் தொடங்கினால் மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாததால் நெருக்கமான சுரங்கள் இல்லை, தடுக்கி விழும் இடங்களும் குறைவு. தினமும் காலையில் காதில் விழும் ராகமும் அதுதான். தேவாலய இசையிலிருந்து வந்தவருக்குக் கூட்டமாகப் பாடவைக்கும் கலை கைவந்திருக்கும். கமகம் (சுரங்களை அசைத்தும் வளைத்தும் பாடுவது) வைத்துப் பாட்டைச் சொல்லித்தர அவருக்குத் துணை வேண்டும். தேவாரம் பயின்றவரிடம் சொல் சிதையாமல் பாடும் ஒழுங்கு இருக்கும். நாதசுரம், தவில் மரபில் வந்தவரிடம் மூச்சும் லயமும் இருக்கும். வளரும் பையன்களைக் கட்டிப்போட லயத்தைப் போல வேறொன்று இல்லை.

ஆனால் இந்தக் கடைசி இரு சாராருக்கும் உங்கள் கதவு ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதசுரம், தவில், தேவாரம் படிக்கச் சேர, தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மூன்றாண்டு படித்துச் சான்றிதழும் வாங்குகிறார்கள். பள்ளி ஆசிரியர் பணி என்று வரும்போது பொதுக் கல்வித் தகுதி இல்லை என்று நிற்கிறார்கள். ஒரே அரசின் ஒரு துறை பயிற்றுவித்தவரை இன்னொரு துறை திருப்பி அனுப்புகிறது. இசைப் பள்ளியில் சேரும் நாளிலேயே அவர்களைத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளுக்குப் பதிவு செய்யவையுங்கள். மூன்றாண்டுப் படிப்பு முடியும்போது பாதி வழியாவது கடந்திருப்பார்கள்.

அடுத்தது தேர்வு. 2017இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகிய சிறப்பாசிரியர் பணியிடங்களுக்குப் போட்டித் தேர்வு நடந்தபோது எழுத்துத் தேர்வுக்கு 95 மதிப்பெண், சான்றிதழ் சரிபார்ப்புக்கு 5. பாடிக் காட்ட ஒரு மதிப்பெண்கூட இல்லை. எழுத்துத் தேர்வு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 72 மேளகர்த்தாவும் (தாய் ராகங்கள்), 35 தாளமும், பண்களின் வரலாறும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மேளகர்த்தா அட்டவணையை மனப்பாடமாகச் சொல்பவருக்கு 20 பிள்ளைகளை ஒரே சுருதியில் நிறுத்தத் தெரியுமா என்பதை விடைக்கு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாள் சொல்லாது.

25 நிமிடச் செய்முறைத் தேர்வு போதும். முதல் ஐந்து நிமிடம் விண்ணப்பதாரர் தமக்குத் தெரிந்ததைப் பாடட்டும் அல்லது வாசிக்கட்டும். அடுத்த 15 நிமிடம், பக்கத்துப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 20 பேருக்கு, முன்பின் அறியாத நாலு வரிப் பாட்டு ஒன்றைச் சொல்லித்தரட்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் அதே பாட்டை சுருதியை இரண்டு கட்டை இறக்கிப் பாடச் சொல்லுங்கள். தேர்வு நடத்துபவர் இனிமையான குரலைத் தேட வேண்டியதில்லை. விண்ணப்பதாரர் பாட்டைத் தொடங்குமுன் ஷட்ஜம் கொடுத்தாரா? வரியை மூச்சுக்குத் தக்கபடி துண்டாக்கினாரா? தப்பு வந்த துண்டை மட்டும் எடுத்துத் திருத்தினாரா, இல்லை முதலிலிருந்து திரும்பவும் பாடவைத்தாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் பாடுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்டாரா? ஆசிரியர் ஓயாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தால் வகுப்பு பாடுகிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது.

நியமனத்துக்கு வருகிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக் கல்வி, உடற்கல்வி, பணிக் கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. சிக்கல் இங்கேதான். கலைக் கல்வி என்ற அந்த ஒரே இடத்தில் ஓவியமும் இசையும் போட்டி போடுகின்றன. ஓவிய ஆசிரியர் வந்த பள்ளிக்கு இசை இல்லை. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மே மாதம் ஊதியம் இல்லை என்பது அப்போதைய ஏற்பாடு. 2021இல் தொகை 10,000 ஆனது, 2023இல் 12,500 என்று அறிவிக்கப்பட்டது. உயர்வுகளை மதிக்கிறோம். ஆனாலும் இந்த வருமானத்தில் குடும்பம் நடக்காது. மற்ற அரை நாள்களில் வீட்டு வகுப்பு, திருமணக் கச்சேரி, கோயில் பணி என்று ஓட வேண்டியிருக்கிறது. முகூர்த்த நாளில் அவர் பள்ளியில் இருப்பதா, மேடையில் இருப்பதா?

முழுநேரச் சிறப்பாசிரியருக்கோ அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. கேந்திரிய வித்யாலயாவில் தொடக்கநிலை இசை ஆசிரியருக்கே 35,400. எம்.ஏ. இசை படித்தவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை. பத்தாண்டில் தேர்வு நிலை, இருபதாண்டில் சிறப்பு நிலை என்று ஊதியம் நகரும், பதவி நகராது. முப்பது ஆண்டு அனுபவம் பெற்றவர் புதிதாக வந்த இசை ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து வழிகாட்ட ஒரு பொறுப்பு கிடையாது. மாவட்டத்துக்கு ஒரு இசைக் கல்வி ஒருங்கிணைப்பாளர் பணியிடம் உருவாக்கி, மூத்த இசை ஆசிரியர்களைக் கொண்டே நிரப்புங்கள். 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கும் அது உதவும். இசை ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குப் போட்டிக்கு முந்தைய சில நாள்களில் யாரோ வந்து ஒரு பாட்டைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை.

வகுப்பறைக்குள் வேண்டியவை குறைவுதான். ஒரு மின்சுருதிப் பெட்டி, ஒரு ஹார்மோனியம், பத்து ஜோடி ஜால்ரா, இரண்டு கஞ்சிரா அல்லது பறை. கைப்பேசியில் தம்புரா செயலி இருக்கிறதே என்பார்கள். அதன் சின்ன ஒலிபெருக்கியில் கீழ் ஷட்ஜம் கேட்பதே இல்லை, பிள்ளைகள் பஞ்சமத்தையே ஷட்ஜமாக எடுத்துக்கொள்கிறார்கள். செயலிதான் என்றால் தனி ஒலிபெருக்கி கொடுங்கள். குரல் உடையும் வயதுப் பையன்களைப் பாடச் சொல்லி அவமானப்படுத்தாமல், ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கும் பாட்டும் தாளக் கருவியும் கொடுத்தால் ஓராண்டில் குரல் நிலைத்துத் தாமே திரும்பி வருவார்கள். ஆசிரியரின் குரலையும் நினைத்துப் பாருங்கள். வாரம் 28 பாடவேளை, ஒவ்வொன்றிலும் 45 பிள்ளைகளுக்கு மேலே எழும்பிப் பாடினால் சில ஆண்டுகளில் குரல் கம்மிவிடும், குரல் நாண்களில் முடிச்சுகூட விழலாம். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி அவருக்குச் சாக்பீஸைப் போல அடிப்படைக் கருவி.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. ஜூன் மாதக் கால அட்டவணை போடும்போது இசையை மதிய உணவுக்கு அடுத்த பாடவேளையில் போட வேண்டாம் என்று தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது மூச்சு ஆழமாக இறங்காது, பாட்டு மேலெழும்பாது. காலை இரண்டாம் பாடவேளை நல்லது. அந்தப் பாடவேளையைக் கணக்குத் தேர்வுக்குக் கேட்டு வாங்கக் கூடாது என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி இசைக் கல்வியில் பணிபுரிவோரும் இசை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்போரும்