மூஞ்சியை அடக்குனா ஞாபகமும் போகுமா

மாப்ள செந்தில்,

உன் லெட்டர் போன வாரமே வந்துருச்சு, ஆபீஸ்ல ஆடிட் ஓடுனதால உக்காந்து எழுத முடியல. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவ பத்தாவது, அதனால வீட்ல டிவிக்குத் தடா.

அப்பா காரியத்துல யாரு என்ன பேசுனாங்கன்னே நெனப்பில்ல, அக்கா மட்டும் ஒண்ணு விடாம சொல்லுது, நானெல்லாம் என்ன மகன்னு எழுதிருந்த. லூசாடா நீ? அன்னைக்கு நான் உன்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன், தாடையை இறுக்கிக்கிட்டு பந்தல்காரர்கிட்ட சேர் கணக்கு கேட்டுட்டு இருந்த, மூத்தவன் அழுதா எப்படின்னு உங்க பெரியப்பா வேற காதுலயே ஓதிட்டு இருந்தாரு.

ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிக்காரங்க 1999லயும் 2000லயும் இதைத்தான் ஆராய்ச்சி பண்ணி எழுதுனாங்க. அடிபட்டு காயமானவங்க படத்தை ஸ்லைடு போட்டுக் காட்டி, அந்தாளு பேரு, பாக்குற வேலை, எப்படி அடிபட்டுச்சுன்னு கூடவே சொல்லிட்டே போவாங்க. சிலரை சும்மா பாக்க சொன்னாங்க, சிலரை மூஞ்சில ஒண்ணுமே காட்டக்கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் கேட்டா, அடக்கிக்கிட்டு பாத்தவங்களுக்குத்தான் காதுல கேட்ட விவரம் கம்மியா நின்னுச்சு, பாத்த படம் அந்தளவுக்கு மறக்கல. காட்டாத காட்டாதன்னு உள்ளுக்குள்ள தனக்கே சொல்லிக்கிட்டு இருந்தா அடுத்தவன் பேச்சு எங்கருந்து ஏறும்? இதுல கொடுமை என்னன்னா, மூஞ்சியை அடக்குனதால மனசுல இருக்கறது குறையறதும் இல்லையாம். ஒரு டாக்டர் பாக்குற மாதிரி பாருங்கன்னு சொன்னவங்களுக்கு இந்த மறதிப் பிரச்சனை வரல, ஆனா பெத்த அப்பனை அப்படிப் பாக்க எவனால முடியும், சொல்லு.

1982லயே ஜேம்ஸ் லேர்ட்னு ஒருத்தர், சிரிச்ச மூஞ்சியா வெச்சா சிரிப்பான விஷயமும் முறைச்ச மூஞ்சியா வெச்சா கோவமான விஷயமும் நல்லா நெனப்பு வருதுன்னு காட்டுனாரு. அதெல்லாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுபடாது. பேனாவை பல்லுல கடிச்சா மூஞ்சி சிரிச்ச மாதிரி ஆகி சந்தோஷம் வரும்னு பேர் வாங்குன 1988 சோதனையே 2016ல 17 லேப்ல திருப்பிப் பண்ணப்ப தேறல. அதனால ஸ்லைடு பாத்ததும் சாவு வீடும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, நீ ரெண்டு ராத்திரி தூங்காம வேற கிடந்த. ஆனா மாலை, சங்கு, வாசல்ல நின்ன கூட்டம்னு பாத்ததெல்லாம் நீயே எழுதிருக்க, பேசுனது மட்டுந்தான் போயிருக்கு பாரு, அதான் எனக்கு இது பொருந்துதுன்னு தோணுது.

உங்கப்பாகூட மில்லுல இருந்த ஒரு வழுக்கைத் தலை பெரியவர் உன் கையைப் பிடிச்சு பேசுனாருல்ல? "உன் காலேஜ் ஃபீஸுக்கு என்கிட்ட வாங்குன காசை ஓவர்டைம் பாத்து அடைச்ச மனுஷன்பா"ன்னு சொன்னாரு. நீ தலையாட்டிட்டு சேர் பக்கம் திரும்பிட்ட. அவரு இப்ப திருமங்கலத்துல மக வீட்ல இருக்காராம், விசாரிச்சு வெச்சிருக்கேன். தலை திவசத்துக்கு நான் வரும்போது ரெண்டு பேரும் போய் பாத்துட்டு வரலாம், வண்டியை சர்வீஸுக்கு விட்டு வை, போன தடவை மாதிரி நடுரோட்ல தள்ள என்னால ஆகாது.

அன்புடன்
பாலு