செயலாளர் ஆண்டறிக்கை: துணைப் பிராணிகளின் ஓய்வு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தடுப்பூசி முகாமும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல் நடந்தன. இவ்வாண்டு நிர்வாகக் குழு அதிகம் பேசியது, பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் நாய், பூனைகளின் ஓய்வைப் பற்றித்தான்.

வளர்ந்த நாய் நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் உறங்கும். சிறு குட்டி 18 மணி நேரம்கூடத் தூங்கும். ஆறுதல் நாய்க்கு இது கிடைப்பதில்லை. கண்ணயர்ந்த நேரம் பார்த்துத்தான் நாம் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறோம். உடையவருக்கு ராத்தூக்கம் இல்லையென்றால் நாய்க்கும் இல்லை.

‘திடீரென்று கடித்துவிட்டது’ என்பார்கள். பெரும்பாலும் நாய் முன்பே சொல்லியிருக்கும். உதட்டை நக்கும், தூக்கக் கலக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், நனையாமலே உடம்பை உதறும். உறுமினால் அதட்டாதீர்கள்; உறுமலை அடக்கிவிட்டால் அடுத்த முறை நேராகப் பல்தான். சாதுவான நாய் தொட்டதும் உறுமத் தொடங்கினால் மூட்டிலோ காதிலோ வலி இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லா வீட்டுக்கும் நாங்கள் சொன்ன வழி ஒரு விரிப்பு. நடமாட்டம் இல்லாத மூலையில், மின்விசிறிக் காற்று படும்படி, பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டால் போதும். கடையில் விற்கும் பஞ்சு மெத்தை நம் வெக்கைக்கு ஆகாது. நாய் தானாக அதில் கால் வைத்ததும் ஒரு சிறு தீனி கொடுங்கள். பிறகு 10 நொடி படுத்தால் தீனி, அடுத்து அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று சில வாரங்களில் 20 நிமிடம்வரை நீட்டலாம். அது பழகிய பின்னரே நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்வர வேண்டும். அவசரப்பட்டால் நாய் பின்னாலேயே எழுந்து வந்துவிடும். பழைய நேரத்துக்கு இறங்கி மீண்டும் தொடங்குங்கள்.

விரிப்பில் கிடக்கும் நாயைக் கொஞ்சுவதற்காகக் கூப்பிடுவதும், தப்பு செய்தால் ‘போ அங்கே’ என்று அங்கேயே விரட்டுவதும்தான் இதைக் கெடுக்கின்றன. அங்கே இருக்கும்வரை உடையவர் உட்பட யாரும் தொடக்கூடாது. அழுகை வரும் நேரத்தில் இது எளிதல்ல. விதியாகவே எழுதி ஒட்டச் சொன்னது அதனால்தான்.

மற்ற நேரத்தில் 3 நொடி தடவி, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கும் விருப்பம். அப்படியே நின்றாலோ நகர்ந்தாலோ விட்டுவிடுங்கள். பூனைக்கு உயரத்தில் ஒரு பலகையும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் வேண்டும். பெட்டிக்குள் கைவிட்டு இழுக்க வேண்டாம்.

கோடையில் பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயில் ஏறிய பின் வெளியே கூட்டிப்போகாதீர்கள். புறங்கையை 7 நொடி வைக்க முடியாத தரையில் எந்த நாயும் நடக்கக்கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. குழாய்த் தண்ணீரை ஊற்றி, காற்று படவைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடுவது தவறு; சூடு உள்ளேயே தங்கும்.

இணையத்தில் விற்கும் ‘துணைப் பிராணிச் சான்றிதழுக்கு’ இந்தியாவில் சட்டமதிப்பு இல்லை. கூடவே வரும் மேலங்கியால் நாய்க்கு வேர்க்காத உடம்பில் வெக்கைதான் மிச்சம். குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடைசெய்யக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட சுற்றறிக்கை எல்லா வளர்ப்பு நாய்க்கும் பொருந்தும். அதன் நகலைக் கையில் வைத்திருங்கள், அது போதும்.

முதியோர் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் நாய்களை அழைத்துச் செல்வதில் ஒரு தீர்மானம் வைக்கிறேன். அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு நாளொன்றுக்கு 2 மணி நேரத்தை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. நம் வெயிலுக்கு அதுவும் அதிகம். ஒரு முறைக்கு 45 நிமிடம், நடுவில் தண்ணீரும் தனியிடமும், மறுநாள் முழு ஓய்வு. ஒரு வயது நிரம்பாத குட்டியை அழைத்துச் செல்வதில்லை. நாய் வாசலிலேயே தயங்கினால் அன்றைய வருகையை ரத்து செய்யும் அதிகாரம் உடையவருக்கு உண்டு. அதற்கு விளக்கக் கடிதம் கேட்கக்கூடாது.

அறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்