கேட்காத கேள்விக்கு வராத ஆட்சேபம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிச்சாவரம் கழிக்கரையில் வரவிருக்கும் சுற்றுலாப் பணிகள் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த செய்தி, 'அப்பகுதியில் வசிக்கும் இருளர்கள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை' என்று முடிந்திருந்தது. கிள்ளை வட்டாரத்தில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்த எனக்கு அந்த வரியைத் தாண்டி வேறு பக்கம் புரட்ட மனம் வரவில்லை.

நீர் வற்றும் நேரத்தில் பழங்குடியினரான இருளர் பெண்கள் கழியில் இறங்கி, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். தங்கள் செய்தியாளர் அந்த நேரத்தில் வந்திருந்தால், அவர்கள் வாய் திறக்காததில் வியப்பில்லை.

இந்தச் சுற்றுலாப் பணிகளுக்கான கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஓய்வுபெற்றவன் என்பதால் எனக்கு அழைப்பு வந்தது. இருளர்கள் வசிக்கும் கழிக்கரைத் தெருவுக்கு வரவில்லை. தானாகவே கேள்விப்பட்டு வந்த என் பழைய மாணவன் ஒருவனிடம் வாசலிலேயே பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். வருகைக்காக வாங்கிய அந்தக் கையெழுத்து, பின்னர் சம்மதமாகக் கணக்கில் ஏறிவிட்டது. "எதுக்குக் கையெழுத்துன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே சார்" என்று அவன் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டுவதற்கு முன் அங்குள்ள கிராம சபைகளைக் கேட்டாக வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், கேட்கப்பட்ட 12 சபைகளும் வேண்டாம் என்றதும் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. அன்று தலையங்கம் தீட்டி மகிழ்ந்தீர்கள். ஒடிசா என்றால் நமக்கெல்லாம் துணிச்சல் வந்துவிடுகிறது. நீர்நிலைகளில் மீன்பிடிப்பதையும் சமூக உரிமையாக ஏற்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பிச்சாவரத்துக்கு மட்டும் பொருந்தாதா? கேட்டால், கிள்ளை பேரூராட்சி, இங்கே கிராம சபையே கூடுவதில்லை என்கிறார்கள். அச்சட்டம் சொல்லும் சபை ஊரின் வயது வந்தோர் அனைவரும் கூடுவது. அவர்களைக் கூட்டுவதற்கு ஒரு மரத்தடி போதும், மண்டபம் வேண்டியதில்லை.

இது இன்று தொடங்கியதும் அல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வலை வழங்கியபோது, மீனவர் பட்டியலில் பெயர் இல்லை என்று இவர்களை வரிசையிலிருந்து விலக்கியதை அருகில் நின்று பார்த்தவன் நான். சாதிச் சான்றிதழுக்குப் போன என் மாணவியின் தந்தையிடம், இருளன் என்றால் பாம்பு பிடித்துக் காட்டு என்று ஒரு அலுவலர் சிரித்துக்கொண்டே சொன்னார். தமிழகத்தின் ஆறு தொல்குடிகளுள், அதாவது மிகவும் நலிந்த பழங்குடிகளுள், ஒன்று என்று அரசே பட்டியலிட்ட மக்களின் கதை இது. பக்கத்திலுள்ள புதுச்சேரியில் இருளரைப் பழங்குடியினர் என்று அறிவிக்கவே 2016 டிசம்பர் வரை ஆயிற்று.

இவை குறித்து நான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களை இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று தாங்கள் பெருந்தன்மையுடன் தெரிவித்திருந்தீர்கள். ஆகவே இம்முறை அதிக இடம் கேட்கவில்லை. 'ஆட்சேபம் தெரிவிக்கவில்லை' என்பதை 'அவர்களிடம் கேட்கப்படவில்லை' என்று திருத்தி, அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில் ஒரு வரி வெளியிட்டால் போதும். செய்தியாளரை மீண்டும் அனுப்புவதாக இருந்தால், நீர் ஏறிய பிறகு அனுப்புங்கள். அப்போது பெண்கள் கரையேறியிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சிதம்பரம், கடலூர் மாவட்டம்.