அன்றைக்கு நீ பார்த்த கோடு

அடியே குள்ளி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு. திட்டி முடித்தாயிற்றா? சரி. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டான், சின்னவளுக்கு உன் வாய் அப்படியே வந்திருக்கிறது, இவர் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறார். குசலம் போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் முழுக்க நான் கர்ப்பமோ என்று செத்துப் பிழைத்தேன். 42 வயதில்!

சிரித்துக்கொள். உனக்கு அந்த உரிமை உண்டு. ஏன் என்பது கடைசியில்.

காண்டம் கிழிந்துவிட்டது, அவ்வளவுதான் கதை. இவர் "இந்த வயசுல என்ன ஆகிடப்போவுது" என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். ஆண்களுக்கு அந்த வரம் உண்டு. நான் விடிய விடிய விரல்விட்டு நாள் எண்ணினேன். மாதவிடாய் தொடங்கி அன்றோடு 13 நாள். மறுநாள் மாலை அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டேன், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எட்டாம் நாளே பொறுக்காமல் கர்ப்பம் பார்க்கிற கிட் வாங்கிப் பார்த்தேன். ஒரே கோடு, இரண்டு வந்தால்தான் கர்ப்பம். அன்று முழுவதும் வாயில் பாட்டுதான்.

அந்தப் பாட்டு வீண் என்று பிற்பாடு நம் பூதக்கண்ணாடி சொன்னாள். (ஆமாம், அவளேதான். இப்போது பெரிய டாக்டர். அன்று என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவள் இன்று எனக்குப் பாடம் எடுக்கிறாள், காலக்கொடுமை.) எட்டாம் நாளில் வந்த 'இல்லை'க்கு அர்த்தமே கிடையாதாம். உறவு கொண்ட அன்றைக்கே கரு உண்டாகிவிடுவதில்லை. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு காத்துக் கிடக்கும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். கருவாகி, நகர்ந்து வந்து கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, அப்புறம் சிறுநீரில் இறங்குகிறது. கிட் தேடுவது அதை மட்டும்தான். "நீ கர்ப்பமான்னு அதுகிட்ட கேட்டதா நினைச்சுக்கிட்டிருக்கே. அதுக்குத் தெரிஞ்சது, இந்தக் கிண்ணத்துல இந்த நிமிஷம் அந்த ஹார்மோன் போதுமான அளவு இருக்கா இல்லையாங்கிறது மட்டும்தான்" என்றாள். நியாயம்தான். கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டு பதிலை நம்பிப் பாடியவள் நான்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால் 221 பெண்களைப் பற்றிச் சொல்கிறாள். அமெரிக்காவில், வட கரோலினாவில், 1980களில் குழந்தைக்குத் திட்டமிட்டிருந்த 221 பேர் தினமும் காலைச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், மாதக்கணக்கில். அந்தக் கிண்ணங்களிலிருந்து எத்தனை விஷயம் பார்: முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும், ஆக மொத்தம் ஆறு நாள்தான் கரு உண்டாக வழி. ஐந்து நாள் முன்னால் என்றால் வாய்ப்பு பத்தில் ஒன்று, முட்டை வெளியாகும் அன்றே என்றால் மூன்றில் ஒன்று. நிலைத்த கருக்கள் பெரும்பாலும் முட்டை வெளியான 8, 9, 10ஆம் நாட்களில்தான் கருப்பையில் பதிந்திருக்கின்றன. அந்தப் பெண்களை நினைத்தால் ஒருமாதிரி இருக்கிறது. யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

நம் ஸ்கூல் காலத்து '14ஆம் நாள்' கணக்கும் பொய்யாம்டி. முட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அந்த மாத்திரையும் முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவதற்குத்தான். ஏற்கெனவே வெளியாகிவிட்டிருந்தால் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 13ஆம் நாளில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று சொல்ல ஆளில்லை.

வர வேண்டிய நாள் வந்தது, அது வரவில்லை. நான்கு நாள் தள்ளிப்போனதும் இன்னொரு கிட். ஐந்து நிமிடம், ஒரே கோடு. குப்பைக்கூடையில் போட்டேன். அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், இரண்டாவது கோடு! கால் துவண்டு பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பூதக்கண்ணாடிக்குப் போன் போட்டேன். முதல் கேள்வி, "ஒரு பக்கமா அடிவயிறு வலிக்குதா? தோள்பட்டை வலிக்குதா? தலை சுத்துதா?" தோளுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம் என்று எரிந்து விழுந்தேன். கரு கருப்பைக்கு வந்து சேராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்துவிட்டால், கசிகிற இரத்தம் உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையை, உறுத்துமாம், அந்த வலி தோளில்தான் தெரியுமாம். கர்ப்பமாக இருக்கலாம் என்கிற நிலையில் இப்படி வலியோ இரத்தப்போக்கோ இருந்தால் கிட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு எதுவும் இல்லை என்றதும்தான் குரல் இறங்கினாள்.

அடுத்த கேள்வி, "கோடு என்ன கலர்? எத்தனை நிமிஷத்துல வந்துச்சு?"

கலரா? சாம்பல்தான். நிமிஷமா? தொண்ணூறு.

சிரித்தாள் பாவி. சிறுநீர் காய்ந்துபோனால் அந்த இடத்தில் ஒரு தடம் தெரியுமாம், நிறமே இல்லாமல், நிழல் மாதிரி. உறையில் போட்டிருக்கிற நேரம் கடந்தபின் பார்க்கிற எதுவும் கணக்கில் சேராது. "கிழிஞ்ச நாள்லேர்ந்து 21 நாள் முழுசா போகட்டும். காலையில எழுந்ததும் முதல்ல போற சிறுநீர்ல பாரு. அதுவரைக்கும் குப்பையைக் கிளறாதே."

22ஆம் நாள் காலை பார்த்தேன். ஒரே கோடு. 24ஆம் நாள் வந்துவிட்டது, ஒன்பது நாள் தாமதமாக. மாத்திரையும் தள்ளிப்போடும், என் வயதும் தள்ளிப்போடும் என்கிறாள். ஆனாலும் மாதவிடாய் அடியோடு நிற்கும்வரை கருத்தரிக்க வாய்ப்பு குறைவுதானே தவிர இல்லாமல் போய்விடாதாம். இவரிடம் சொன்னேன். அன்று இரவு முதல்முறையாக அவருக்கும் தூக்கம் வரவில்லை. பரம திருப்தி.

இடையில் ஒரு கூத்தும் படித்தேன். ஒரு காலத்தில் பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி போட்டுவிட்டுக் காத்திருப்பார்களாம். தவளை முட்டையிட்டால் இவள் கர்ப்பம்! 1967இல் மார்கரெட் க்ரேன் என்று ஒரு பெண், மருந்துக் கம்பெனியில் படம் வரைகிறவள், ஆய்வகத்தில் வரிசையாய் இருந்த சோதனைக் குழாய்களைப் பார்த்துவிட்டு, "இதை நாமே வீட்டில் பார்த்துக்கொள்ளலாமே" என்று ஒரு டப்பாவில் முதல் மாதிரியைச் செய்தாளாம். அமெரிக்கக் கடைகளுக்கு வந்த முதல் கிட்டை இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டுமாம். ஐந்து நிமிடத்துக்கே பாத்ரூம் தரையில் உட்கார்ந்தவள் நான்.

இப்போது நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ எனக்கு எழுதியிருந்தாய். "இளஞ்சிவப்பு. மெலிசுதான். ஆனால் இருக்கு. மூணாவது நிமிஷத்திலேயே வந்துடுச்சு." அடுத்த வாரம் மறுபடி பார்த்தபோது கோடு இல்லை, இரத்தம் வந்துவிட்டது என்று இரண்டே வரி. நான் என்ன பதில் எழுதினேன், நினைவிருக்கிறதா? "கிட் பொய் சொல்லியிருக்கும், நீ முதல்ல கண்ணாடியை மாத்து." பெரிய ஹாஸ்யம். அதற்கப்புறம் ஆறு மாதம் நீ எழுதவேயில்லை. வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பேர் சொல்லாமல் பூதக்கண்ணாடியிடம் கேட்டேன். நேரத்துக்குள், நிறத்தோடு வந்த கோடு என்றால் அநேகமாக ஹார்மோன் இருந்திருக்கிறது, எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி என்றாள். ஒட்டிக்கொண்ட கரு, சில நாளிலேயே நின்றுபோயிருக்கும். அந்த 221 பேரிடம் உண்டான 198 கருக்களில் 22 சதவீதம் இப்படித்தான், டாக்டருக்குத் தெரியும் முன்பே முடிந்துபோயினவாம். தினமும் கிண்ணம் கொடுத்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் நாள் தள்ளி வந்த மாதவிடாய் என்றுதான் நினைத்திருப்பார்கள். பெரும்பாலும் கருவிலேயே கோளாறு, தாய் செய்ததோ செய்யாததோ எதுவும் இல்லை என்றும் சொன்னாள்.

நீ பார்த்த கோடு இருந்ததுடி. உன் கண்ணில் கோளாறு இல்லை, கிட்டும் பொய் சொல்லவில்லை. அந்தச் சில நாள் உனக்குள் ஒன்று இருந்தது. அதை நான் சிரித்துத் தள்ளினேன். அப்புறம் உனக்குக் குட்டிப்பயல் பிறந்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். பாத்ரூம் தரையில் அந்தச் சாம்பல் கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உன் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. நீ அதைப் பார்த்தபோது உன் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

என் அந்தக் கடிதத்தை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய், உன் புத்தி எனக்குத் தெரியும். எடுத்துக் கிழித்துப் போடு.

பூதக்கண்ணாடி உன் நம்பர் கேட்கிறாள். பேரை நான் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். கொடுக்கட்டுமா?

உன்,
ஒட்டடைக்குச்சி