ஆறாம் வகுப்புக்கு ஒரு சிரிப்புக் கதை வேண்டும்

தமிழில் சிறார் கதை எழுதுகிறவர்களுக்கும் அவற்றை அச்சிடும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் நான். நூலக அலமாரியின் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்வதைப் பற்றி ஒரு சிரிப்புக் கதை எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அலமாரியில் ஒரு தட்டு முழுக்க முயலும் நரியும் பேசுகின்றன. அடுத்த தட்டில் தலைவர்களின் வரலாறு. பதினோரு வயதுப் பிள்ளை முயலைத் தாண்டிவிட்டது, தலைவர்கள் பக்கம் போக இன்னும் மனசில்லை. அமெரிக்காவில் 'மிடில் ஸ்கூல்' பெரும்பாலும் ஆறில் தொடங்கி எட்டில் முடிகிறது. அதில் சேரும் தவிப்பை வைத்தே அங்கே வரிசையாகச் சிரிப்புக் கதைகள் வருகின்றன. ஒன்றை வகுப்பில் படித்துச் சொன்னேன். பள்ளியில் பிள்ளைகள் புத்தகம் வைத்துப் பூட்டும் லாக்கர் அதில் வந்தது. "லாக்கர்னா பேங்க்ல நகை வைக்கிறதுதானே சார்?" என்றான் ஒருவன்.

நம் பக்கம் சரக்குக்கா பஞ்சம்? ஐந்து வரை எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். ஆறில் பாடத்துக்கு ஒருவர். முதல் பீரியட் மணி அடித்ததுமே பள்ளி விட்டாச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை போகிற பிள்ளை வருஷா வருஷம் உண்டு. மீசை முளைத்த பிளஸ் டூ மாணவனைப் பார்த்து "குட் மார்னிங் சார்" என்பார்கள். அவனும் திருத்தாமல் தலையாட்டிவிட்டுப் போவான். தொடக்கப் பள்ளியில் மணி அடித்து, சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதிகாரம் பண்ணியவன் இங்கே பொடியன். எட்டு வரைக்கும் வரட்டும் என்று தைத்த பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பிரேயருக்கு ஓடுகிறான்.

அப்புறம் அந்த உப்புமா. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கானது. ஐந்தாம் வகுப்பு முழுக்க உப்புமாவைத் திட்டியவன், இப்போது பள்ளியில் சாப்பிட்டுவிட்டு வந்த தங்கை அதைப் பற்றி அளப்பதைக் கேட்டு எப்படி முழிப்பான்? இதை எழுதினால் சிரிப்போடு வேறொன்றும் சேர்ந்து வரும். (எப்படி எழுதுவது என்று உங்களுக்கே பாடம் எடுக்கிறேன், வாத்தியார் புத்தி.)

ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்காகப் பள்ளிக்கல்வித் துறை கொண்டுவரும் 'தேன்சிட்டு' இதழ் எங்கள் வகுப்பில் கை மாறிக் கை மாறிக் கிழிகிறது. ஆக, படிக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கதையின் நாயகி ஒரு பெண் பிள்ளையாக இருக்கட்டும். சேட்டையை எப்போதும் பையன்களுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அவள் முதல் மார்க் வாங்க வேண்டாம், கடைசியில் திருந்தவும் வேண்டாம். 'நீதி' என்று ஒரு வரி போட்டால் அந்தப் பக்கம் ராக்கெட்டாகப் பறக்கும், சொல்லிவிட்டேன்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்தால் ஜூனில் சேரும் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்துவிடலாம். அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியை ஏதாவது ஓர் ஆறாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். சிரிப்பு வராத பக்கத்தை அவர்களே காட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆறாம் வகுப்பு ஆசிரியர்