முதல் பக்கத்திலேயே ஹைட்ரஜன் கணக்கைக் கேளுங்கள்

கரியமில வாயுவை வேதிப்பொருளாக மாற்றும் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். வினையூக்கிகளோடு அன்றாடம் வேலை செய்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்களிடம் வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் வினையூக்கியின் பெருமையில்தான் தொடங்கும். எத்தனை சதவீத வாயு மாறியது, அதில் மெத்தனால் என்ற எரிபொருள் எவ்வளவு என்று வரைபடங்கள் வரிசையாக இருக்கும். அவற்றைப் புரட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

கரியமில வாயு எரிந்து முடிந்த பொருள், ஏறக்குறைய சாம்பல் மாதிரி. வினையூக்கி வினையை வேகப்படுத்தும், ஆற்றலைத் தராது. மெத்தனால் செய்யும்போது அந்த ஆற்றலைச் சுமந்து வருவது, கரியமில வாயுவோடு சேரும் ஹைட்ரஜன்தான்.

1 டன் மெத்தனாலுக்குக் குறைந்தது 1,375 கிலோ கரியமில வாயுவும் 188 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் கிலோவுக்குச் சுமார் 9 கிலோ கரியமில வாயு வெளியேறும். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 1,700 கிலோ. பிடித்ததைவிட விட்டது அதிகம்! சரி, தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கலாமே என்றால், கிலோவுக்கு 50 யூனிட்டாவது செலவாகும். 1 டன் மெத்தனாலுக்கு 9,400 யூனிட். அந்த மின்சாரம் நிலக்கரியில் பிறந்தது என்றால் நிலைமை இன்னும் மோசம்.

முடியாது என்று சொல்லவில்லை. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஜார்ஜ் ஓலா பெயரில் ஐஸ்லாந்தில் 2012-இல் தொடங்கிய ஆலை செய்து காட்டியது. புவிவெப்ப மின்நிலையத்தின் வாயு பக்கத்திலேயே கிடைத்தது, மின்சாரமும் தூய்மையானது. இடம் பொருந்தியதால் கணக்கும் பொருந்தியது.

அடுத்தது ஆயுள். செம்பும் துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் கலந்த வினையூக்கியைக் கையில் வைத்துப் பார்த்தால் நகத்தளவு கறுப்பு மாத்திரை, அவ்வளவுதான். 250 டிகிரி வெப்பத்திலும், வளிமண்டலத்தைப் போல 50 மடங்கோ அதற்கு மேலோ உள்ள அழுத்தத்திலும் அது உழைக்கிறது. ஒவ்வொரு மெத்தனால் மூலக்கூறோடும் ஒரு நீர் மூலக்கூறும் பிறக்கிறது. அந்த நீராவிதான் எமன். செம்பின் நுண்துகள்கள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டித் திரள, வினை நடக்கும் பரப்பு சுருங்கிப் போகும். புகைபோக்கி வாயுவில் கொஞ்சம் கந்தகம் ஒளிந்திருந்தாலும் செம்பு நஞ்சேறிவிடும். 20 மணி நேரம் ஓட்டிப் பார்த்த எண்ணை வைத்து ஆலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 1,000 மணி நேரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

ஒளியால் மாற்றினோம் என்று சொல்பவர்களிடம் கார்பன்-13 சோதனையையும் கேட்டு வாங்குங்கள். கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் உள்ள வாயுவைக் கொடுத்து, அதே கார்பன் விளைபொருளில் வருகிறதா என்று பார்ப்பதுதான் அது. வினையூக்கியில் ஒட்டியிருந்த அழுக்கின் கார்பனே விளைபொருளாக வந்து ஏமாற்றுவது உண்டு.

நீண்ட நாள் ஓட்டும் சோதனையில் புதுமை இல்லை என்று ஆய்விதழ்கள் ஒதுக்கிவிடுகின்றன. ஆராய்ச்சி மாணவருக்கும் அதனால் பட்டம் தள்ளிப்போகும். அதற்கென்றே தனியாக ஒரு நிதி ஒதுக்குங்கள், இந்தச் சுற்றிலேயே.

அன்புடன்,
ஒரு வினையூக்கி ஆய்வாளர்