மூன்று கார்டு, ஒரே லைன்

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் நலம். சின்னவள் கல்லூரியில் தாவரவியல் எடுத்திருக்கிறாள். அவள் விரும்பிக் கேட்டது, எனக்கும் சந்தோஷம்தான்.

சரி, உன் பள்ளி விஷயம். அலுவலகத்தில் யாராவது பெரிய ஃபைல் இறக்கினால் ஆய்வகத்தில் பிள்ளைகள் பார்க்கும் வீடியோ நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். உன் ஃபயர்வால் பெட்டியில் மூன்று நெட்வொர்க் கார்டு: வெளியே இணைய லைனுக்கு ஒன்று, உள்ளே அலுவலகத்துக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று. அதில் ஓடும் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளில், பேக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) க்யூவில் வரிசைப்படுத்தி அனுப்பும் ஆல்ட்க்யூ, கார்டை விட்டுக் கிளம்பும் பேக்கெட்டுகளைத்தான் கட்டுப்படுத்தும். டவுன்லோடு உள் கார்டுகள் வழியாகக் கிளம்புவதால் அங்கே க்யூ போட்டது சரிதான். ஆனால் ஒரு கார்டின் க்யூவுக்கு இன்னொரு கார்டில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. இரண்டு உள் கார்டுக்கும் தலா 95 எம்பிபிஎஸ் கொடுத்திருக்கிறாய், சேர்த்தால் 190. லைனோ 100. அதனால் நெரிசல் உன் பெட்டிக்கு வருமுன்பே, சேவை நிறுவனத்தின் பக்கம் ஏற்படுகிறது. அங்கே உன் முன்னுரிமை செல்லாது.

அலுவலகத்துக்கு 60, ஆய்வகத்துக்கு 35 என்று பிரித்துவிடலாம்தான். எனக்கு அதில் மனமில்லை. அலுவலகம் பூட்டிய பிறகும் அந்த 60 பிள்ளைகளுக்குக் கிடைக்காதே! டவுன்லோடுக்கு ஆல்ட்க்யூவை எடுத்துவிட்டு லிமிட்டர் (மொத்த வேகத்துக்கு உச்சவரம்பு போடும் வசதி) வை. 95-க்கு ஒரே லிமிட்டர், அதற்குள் அலுவலகத்துக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று என இரண்டு க்யூ. ஷெட்யூலரை (அடுத்து எந்த க்யூவிலிருந்து அனுப்புவது என்று முடிவு செய்யும் பகுதியை) மாற்றாமல் இரண்டுக்கும் சம எடை கொடுத்து, அந்தந்தக் கார்டின் ரூலில் காட்டிவிடு. ஒரு பக்கம் சும்மா இருந்தால் முழு 95-உம் மறுபக்கத்துக்குப் போகும். இரண்டும் கேட்டால் பாதிப் பாதி.

வந்துசேர்ந்த பேக்கெட்டைத் தடுத்து என்ன பயன் என்று கேட்டிருந்தாய். பேக்கெட் தொலைந்தது தெரிந்ததும் அனுப்பும் சர்வரின் டிசிபி (தரவு ஒழுங்காகப் போய்ச்சேர்வதைக் கவனிக்கும் நெறிமுறை) தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் 100 என்று வைக்காமல் 95 என்று வைப்பது. லிமிட்டருக்குள் இருக்கும் க்யூக்களுக்குக் கோடெல் என்ற க்யூ நிர்வாக முறையையும் தேர்ந்தெடு. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்டது. பேக்கெட்டுகள் 5 மில்லிசெகண்டுக்கு மேல் தொடர்ந்து காத்துக்கிடந்தால் சிலவற்றைக் கைவிடும். வீடியோ வகுப்புக்கு வேகத்தைவிட இந்தத் தாமதம் குறைவதுதான் முக்கியம்.

அப்புறம், அப்லோடு. வெளிக் கார்டில் ஆல்ட்க்யூவே போதும். உன் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ், அதற்கு 18 என்று வை. டிசிபியின் ஏசிகே பேக்கெட்டுகளுக்கு (தரவு கிடைத்தது என்று பதில் சொல்பவை) தனி க்யூ கொடு. யாராவது பெரிய ஃபைல் ஏற்றும்போது அவை பின்னால் மாட்டிக்கொண்டால் டவுன்லோடும் தளர்ந்துவிடும்.

மாற்றியதும் பழைய ஸ்டேட்டுகளை (ஃபயர்வால் வைத்திருக்கும் நடப்பு இணைப்புப் பதிவுகளை) அழித்துவிடு, இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் பழைய க்யூவிலேயே போகும். ஆய்வகம் நிரம்பியிருக்கும் நேரத்தில் பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடவிட்டு, என்ன வருகிறது என்று எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா என்றும் சொல்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்